வீட்டுக்கே வந்து பாக்குற பாலியேட்டிவ் கேர்: அப்பாவுக்காக அஞ்சு மாசம் எடுத்த சர்வீஸ், என் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், நீளமா வரும், பொறுமை இருந்தா படிங்க. பேர் போடல. ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அவங்ககிட்ட இருக்கறதே ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ், ஒரு பழைய ஆம்னி வேன், என் ரிவ்யூவால அதுவும் நின்னு போச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம். தெக்குப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்துறாங்க, அவ்வளவு போதும்.

பாலியேட்டிவ் கேர்னா என்னன்னு எனக்கே போன வருஷம் வரைக்கும் தெரியாது. "இனி எங்களால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு ஆஸ்பத்திரில சொன்னதுக்கு அப்புறமும் பண்ண வேண்டியது நெறைய இருக்கு பாருங்க, வலி, வாந்தி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், ராத்திரி தூக்கம், வீட்டுல இருக்கவங்க அழுகை, அதையெல்லாம் பாக்குறதுதான் இது. நோயைக் குணப்படுத்த இல்ல. லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா, மொதல்ல நர்ஸா இருந்து அப்புறம் டாக்டருக்குப் படிச்சவங்க, நல்ல ஜெபிக்கிற கிறிஸ்தவப் பெண், 1967-ல ஒரு ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் கட்டத்துல இருக்க நோயாளிங்களைப் பாத்துக்குற எடம், ஆரம்பிச்சாங்க, அங்க இருந்துதான் இந்த முறை உலகம் பூராவும் பரவுச்சாம். நம்ம பக்கத்துல கோழிக்கோட்டுல 1993-லயே ஆரம்பிச்சிட்டாங்க. நம்ம ஊருக்குத்தான் லேட்டு.

அப்பாவுக்கு 74 வயசு. ரிட்டயர்டு வாத்தியார். கணையத்துல கேன்சர், கண்டுபிடிக்கும்போதே ஈரலுக்குப் போயிடுச்சு. மஞ்சக்காமாலைக்கு ஸ்டென்ட் வச்சாங்க, கீமோ குடுத்தா சில மாசம் கூடக் கிடைக்கலாம்னாங்க. நாங்க என்ன பண்ணோம்னா எல்லா வீட்டுலயும் பண்றதைத்தான் பண்ணோம், அப்பாகிட்ட சொல்லல. "குடல்ல புண்ணு, கொஞ்ச நாள்ல சரியாயிரும்"னு நானும் அம்மாவும் பேசி வச்சு ஒரே பொய்யைச் சொன்னோம். நாங்க கிறிஸ்தவங்க, ஞாயித்துக்கிழமை கோயில்ல (சர்ச்சுல) பத்துக் கற்பனையை, அதான் பத்துக் கட்டளையை, சேர்ந்து சொல்லிட்டு வந்து, வீட்டுல நுழைஞ்ச உடனே பொய். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அத்தை மட்டும் "பைபிள்ல ராகாப் ஒற்றர்களை ஒளிச்சு வச்சுப் பொய் சொல்லலியா, எகிப்துல அந்த எபிரெய மருத்துவச்சிங்க பார்வோன்கிட்ட பொய் சொல்லலியா, உசுரைக் காப்பாத்தச் சொன்னா ஆண்டவர் கணக்குல வைக்க மாட்டாரு"ன்னு சமாதானம் சொன்னாங்க. ராகாப் ரெண்டு பேரைக் காப்பாத்துனா, நாங்க யாரைக் காப்பாத்துனோம்னு கேக்கத் தோணுச்சு, கேக்கல.

சர்வீஸ்காரங்க மொத நாள் வந்தப்போ வாசல்லயே டாக்டரைப் பிடிச்சு "அப்பாவுக்குத் தெரியாது, கேன்சர்ங்கற வார்த்தை வாயில வந்துராம பாத்துக்கங்க"ன்னு கெஞ்சுனேன். அவங்க சரின்னும் சொல்லல மாட்டேன்னும் சொல்லல. "நானா எதுவும் சொல்ல மாட்டேன், அவர் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்"னாங்க. எனக்கு ஒரு மாதிரியாயிருச்சு. உள்ள போய் சேரை அப்பா கட்டில் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்து (இதுவரைக்கும் பாத்த எந்த டாக்டரும் உக்காரல, நின்னுக்கிட்டேதான்) "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. அப்பா கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டு "எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்லா, ஸ்கேன் ரிப்போர்ட்டை பீரோக்குள்ள வச்சா தெரியாதா? இவங்க சொல்ல மாட்டேங்காங்க, சொன்னா தாங்க மாட்டேன்னு நெனைக்காங்க, அதான் நானும் தெரியாத மாதிரியே இருக்கேன்"ன்னாரு.

அம்மா அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. ரெண்டு மாசமா ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு தரப்பும் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம், பாசத்துலதான், ஆனா அந்த ரெண்டு மாசம் அவர் ராத்திரியெல்லாம் தனியா முழிச்சுக் கிடந்திருக்காரு. இந்த ஒரு கேள்விக்காகவே நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன். அன்னைக்கே கீமோ வேணாம்னும் அவரே சொல்லிட்டாரு.

அடுத்தது மருந்து. மார்ஃபின் மாத்திரை. பேரைக் கேட்ட உடனே நானே பயந்தேன், அபின்லா அது. டாக்டர் உக்காந்து விளக்குனாங்க: நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, படுக்கப் போகும்போது டபுள் டோஸ், அப்பதான் நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்ல, மலச்சிக்கல் கட்டாயம் வரும் அதனால பேதி மருந்தும் கூடவே, மொத ரெண்டு மூணு நாள் குமட்டல் இருக்கும் அப்புறம் போயிரும். நம்ம நாட்டுலயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல லைசென்ஸ் குடுத்து அபின் பயிர் பண்றாங்க, இருந்தும் நம்ம ஜனங்க வலியில துடிச்சுத்தான் சாகுறாங்க, காரணம் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து நெறைய ஆஸ்பத்திரிங்க ஸ்டாக் வைக்கல. 2014-ல சட்டத்தைத் திருத்தி லேசாக்குனாங்க, ஆனாலும் சாதா மெடிக்கல்ல கேட்டுப் பாருங்க, ஏற இறங்கப் பாப்பாங்க. இவங்ககிட்ட பெர்மிஷன் இருக்கு, ரிஜிஸ்டர்ல எழுதி, எண்ணி, கையெழுத்து வாங்கிக் குடுப்பாங்க. மாத்திரைக்குக் காசு கெடையாது.

வலிக்கு பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் மார்க் போடச் சொல்வாங்க. அப்பா வாத்தியார்லா, மொத நாள் "எட்டு. டிஸ்டிங்ஷன்"னாரு. நாலாம் நாள் "ரெண்டு. ஃபெயிலு. இனி இந்த வலி டியூஷனுக்குத்தான் போகணும்"னு சிரிச்சாரு. மூணு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் ஒரு இட்லி முழுசாச் சாப்பிட்டது.

ஆனா பெரிய மாமா வந்தாரு. அம்மாவோட அண்ணன், மருந்தே எடுக்காத சபை, தலைவலிக்குக் கூட மாத்திரை தொட மாட்டாரு, அவருக்குச் சுகர் இருக்குன்னு ஊருக்கே தெரியும் அது வேற விஷயம். "சிலுவையில ஆண்டவருக்கு வலி மறக்க வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் குடுத்தப்போ அவர் வாங்கலியே, வலியைச் சகிக்கத்தான் நம்மளை அழைச்சிருக்காரு, நீங்க அபின் குடுத்து மனுசனை மயக்கி வச்சிருக்கீங்க, எசேக்கியா ராஜா மாதிரி சுவத்துப் பக்கம் திரும்பி ஜெபம் பண்ணுங்க, பதினஞ்சு வருசம் கூட்டிக் குடுப்பாரு"ன்னு கட்டில் பக்கத்துல நின்னு ஒரு பிரசங்கமே பண்ணிட்டாரு. அப்பா கண்ணை மூடிக்கிட்டே, "அத்தான், எசேக்கியாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை வச்சுப் பத்துப் போட்டாருலா, அது மருந்து இல்லியா? அப்புறம் அந்தப் பதினஞ்சு வருசத்துலதான் அவர் மகன் மனாசே பொறந்தான், அவன் பண்ண அட்டூழியத்தையும் படிச்சுட்டு வாங்க"ன்னாரு. மாமா டீ குடிக்காமப் போயிட்டாரு. போகும்போது மட்டும் அப்பா கையை ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு, அதையும் சொல்லணும்.

மாமா சொன்னது எனக்குள்ள போயிருச்சு, அதுதான் பிரச்சினை. எங்க சேகரத்து ஐயர்கிட்ட (எங்க சர்ச் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) கேட்டேன். அவர் பெரிய விளக்கமெல்லாம் குடுக்கல. "அவர் தனக்கு வாங்கிக்கல, சரி. ஆனா வலியோட வந்த யாரையாவது சகிச்சுக்கோன்னு திருப்பி அனுப்பிருக்காராம்மா? நாலு சுவிசேஷத்துலயும் தேடிப் பாரு"ன்னாரு. தேடுனேன். ஒருத்தரைக் கூட அனுப்பல.

இப்ப ஐசியூ சமாச்சாரம். தம்பி தோஹால இருக்கான். நல்ல பையன், மாசா மாசம் பணம் அனுப்புறவன், கூட இருக்க முடியலங்கற குத்த உணர்ச்சி வேற, அதனால அவனுக்கு எல்லாமே செய்யணும். "எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கறேன்க்கா, மூச்சுத் திணறுனா ஐசியூல சேத்து வெண்டிலேட்டர் போடு, நான் வர்ற வரைக்கும் உசுரோட இருக்கணும், நாம கிறிஸ்தவங்க, உசுரை எடுக்க நமக்கு உரிமை இல்ல"ன்னு வீடியோ கால்ல கத்துறான். அவன் சொல்றது தப்புன்னு சொல்ல முடியல. கொலை செய்யாதிருப்பாயாகன்னு படிச்சு வளந்தவங்கதான ரெண்டு பேரும்.

அப்புறம்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன், நைட் டியூட்டி எனக்குத்தான், வேற வேலை என்ன. 1957-லயே பன்னிரண்டாம் பயஸ் போப் மயக்க மருந்து டாக்டர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிருக்காரு: உசுரைக் காக்க சாதாரணமா செய்யக்கூடியதைச் செய்யணும், ஆனா நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தாங்க முடியாத பாரமாகுற அசாதாரண முயற்சிகளைச் செஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்லைன்னு. அதே வருஷம் வலி மருந்தைப் பத்தியும் பேசிருக்காரு, நோக்கம் வலியைப் போக்குறதா இருந்தா, அதனால ஒருவேளை ஆயுசு கொஞ்சம் குறைஞ்சாலும் குடுக்கலாம்னு. நாங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கர் இல்ல), போப் சொல்றது எங்களுக்குச் சட்டம் இல்ல, ஆனா என் பாட்டி காலத்துலயே யாரோ இதே கேள்வியில மாட்டித் தவிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சதே ஒரு துணை மாதிரி இருந்துச்சு. கொல்றது வேற, சாக விடுறது வேறன்னு புத்திக்குப் புரிஞ்சுது. நெஞ்சுக்கு இறங்க ரொம்ப நாளாச்சு.

டாக்டர் இங்கயும் தன் கருத்துன்னு ஒண்ணும் சொல்லல. "நீங்க ரெண்டு பேரும் அவருக்காகச் சண்டை போடுறீங்க, அவருக்குத்தான் நல்லாப் பேச்சு வருதே"ன்னாங்க. தம்பியை வீடியோ கால்ல வச்சுக்கிட்டே அப்பாகிட்ட கேட்டோம். அப்பா பைபிள்ல பிலிப்பியர் நிருபத்தை எடுக்கச் சொன்னாரு, பவுல் ஜெயில்ல இருந்து எழுதுனது, "இவ்விரண்டினாலும் நான் நெருக்கப்படுகிறேன்"னு வரும்லா, போகவும் ஆசை, உங்களுக்காக இருக்கவும் வேணும்ங்கற எடம். தம்பியையே வாசிக்கச் சொன்னாரு. அவன் பாதியில நிறுத்திட்டான். அப்பா "போதும்ல, எனக்கு ஐசியூ வேணாம், தொண்டைல குழாய் வேணாம், வலி மட்டும் இல்லாமப் பாத்துக்கங்க, நீ லீவு கிடைக்கும்போது வா, நான் இருந்தா பாப்போம்"ன்னாரு.

அதை எழுதி வாங்கவும் இவங்கதான் உதவுனாங்க. சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச்ல இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கிறது செல்லும்னு தீர்ப்பு சொல்லிருச்சு, ஆனா மாஜிஸ்திரேட் கையெழுத்து அது இதுன்னு யாராலயும் செய்ய முடியாத மாதிரி இருந்துச்சு, 2023 ஜனவரில லேசாக்கி ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்லைன்னா கெஜட்டட் ஆபீசர் போதும்னு மாத்துனாங்க. நோட்டரி வக்கீல் வீட்டுக்கே வந்தாரு. அப்பா கையெழுத்துப் போட்டுட்டு அந்தாளோட ஸ்டாம்ப்ல இருந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக்கைச் சுட்டிக் காட்டுனாரு. குறை ஒண்ணு இங்க சொல்லணும், டிரஸ்ட் குடுத்த மாதிரிப் படிவம் முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு. அம்மாவுக்கு நான் உக்காந்து வரி வரியாச் சொன்னேன். சாவைப் பத்தி ஒருத்தர் கையெழுத்துப் போடுற பேப்பர் அவங்க பாஷையில இருக்க வேணாமா?

பெரிய குறை இனிமேதான். நவம்பர்ல ஒரு ராத்திரி ரெண்டு மணி, அப்பாவுக்குத் திடீர்னு மூச்சு வாங்குது, ஒதடு நீலமாகுது, கண்ணு என்னையே பாக்குது. "24 மணி நேரமும் கூப்பிடலாம்"னு கார்டுல அடிச்சிருந்த நம்பருக்கு அடிக்கிறேன், எடுக்கல. மறுபடி அடிக்கிறேன், எடுக்கல. நாப்பது நிமிஷம். அம்மா "108-ஐக் கூப்பிடு, கொண்டு போயிருவோம்"னு அழுறாங்க, எழுதி வாங்குன பேப்பர் எல்லாம் பகல் வெளிச்சத்துக்குத்தான், ராத்திரி ரெண்டு மணிக்கு அது வெறும் பேப்பரு. ஃபைல்ல நர்ஸ் சிஸ்டர் எழுதி வச்சிருந்தாங்க, மூச்சு வாங்குனா தலைப்பக்கம் உயர்த்து, ஃபேன் காத்து முகத்துல படட்டும், கூடுதலா அரை மாத்திரை மார்ஃபின்னு. முதுகுக்கு நாலு தலகாணி வச்சேன், ஜன்னலைத் தொறந்தேன். மாத்திரையைப் பொடிச்சு ஸ்பூன்ல கரைச்சுக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். குடுக்க முடியல. இதைக் குடுத்து இப்பவே மூச்சு நின்னா நான்தான கொன்னேன்னு ஆகும், அப்பாவை, என் கையால. குடுக்காம விட்டா இப்படியே பாத்துக்கிட்டு நிக்கணும். ரெண்டு நிமிஷம் இருக்கும், ஸ்பூன் கையில நடுங்குது, பாதி பாயில சிந்திருச்சு. ஜெபம் பண்ணேன்னு சொல்ல ஆசைதான், வாயில வந்தது "ஆண்டவரே, போனை எடுக்க வைங்க" மட்டும்தான்.

சிஸ்டர்தான் கடைசில தன் சொந்த நம்பர்ல இருந்து கூப்பிட்டாங்க, மிஸ்டு கால் பாத்திருக்காங்க. "குடுத்துருங்கக்கா. இந்த அளவுக்கு மூச்சு நிக்காது, மூச்சு வாங்குற அந்தப் பயம்தான் குறையும். நீங்க குடுக்குறது எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும் ஆண்டவருக்கும் தெரியும்"னாங்க. அவங்க கிறிஸ்தவங்க கூட இல்ல, எங்க வீட்டுக்குத் தக்க மாதிரிப் பேசுனாங்க. குடுத்தேன். இருபது நிமிஷத்துல மூச்சு நிதானத்துக்கு வந்துச்சு. அப்பா அதுக்கப்புறம் ஒம்பது நாள் இருந்தாரு, தம்பி மூணாம் நாளே வந்து சேந்துட்டான், கூடவே படுத்துக்கிட்டான்.

ஆக, அந்த நம்பர் எடுக்காதது மன்னிக்கிற தப்பு இல்ல. அடுத்த நாள் டாக்டர்கிட்ட சத்தம் போட்டேன், தன்னார்வத் தொண்டர் ஒருத்தர் போனை சைலன்ட்ல போட்டுத் தூங்கிட்டாராம். ஆள் இல்லைன்னா 24 மணி நேரம்னு கார்டுல அடிக்காதீங்க. ராத்திரி பத்து வரைக்கும்னு அடிங்க, நாங்க அதுக்குத் தக்க ஏற்பாடு பண்ணிக்குவோம்.

இன்னொரு குறை. ஒரு வாலண்டியர் ஐயா வந்தாரு, நல்ல எண்ணந்தான், யாருக்கோ நாலாவது ஸ்டேஜ்ல இருந்து அற்புத சுகம் கிடைச்ச சாட்சியை அரை மணி நேரம் சொன்னாரு, அந்த ஐயா போன பிறகு அப்பாகிட்ட பேச்சே இல்ல. விசுவாசம் பத்தலைங்கற மாதிரி ஆயிருச்சுலா. அற்புதத்துல எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனா கட்டில்ல கிடக்குறவன் தலையில அதைக் கடன் மாதிரி ஏத்தக் கூடாது. டிரெய்னிங் குடுத்து அனுப்புங்க.

கடைசி அஞ்சு நாள் அப்பா சாப்பிடல. இதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம், ஐசியூவை விட. மூக்கு வழியா டியூப் போட்டுக் கஞ்சி ஊத்தலாம்லான்னு தம்பி, அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) அக்கா எல்லாருமே சொன்னாங்க. அந்த அக்கா "எங்க சபையில ஆகாரமும் தண்ணியும் அடிப்படைன்னு சொல்வாங்க, அதை நிறுத்தக் கூடாது"ன்னாங்க. உண்மைதான், ஆனா உடம்பு அதை ஏத்துக்கிட்டு அதனால பலன் இருக்குற வரைக்கும்னும் அதுலயே இருக்கு. பசிச்சவனுக்குச் சோறு போடுன்னு வளந்துட்டு, பெத்தவருக்கு அஞ்சு நாள் எதுவும் குடுக்காம இருக்கறதுன்னா? சிஸ்டர் பொறுமையாச் சொன்னாங்க, சாப்பிடாததால அவர் போகல, போயிட்டு இருக்கறதால சாப்பிடல, இப்ப ஊத்துனா நெஞ்சுல ஏறித் திணறுவாருன்னு. அம்மா கேக்கல, ஒரு ஸ்பூன் இளநீர் ஊத்திப் பாத்தாங்க, அப்பா இருமுன இருமல்ல அம்மாவே ஸ்பூனைக் கீழ போட்டுட்டாங்க.

அப்புறம் சிஸ்டர் அம்மாவுக்கு ஒரு வேலை குடுத்தாங்க. சுத்தமான துணியை வெரல்ல சுத்தி, தண்ணில நனைச்சுப் பிழிஞ்சு, ஈறு, நாக்கு, கன்னத்து உள்பக்கம்னு தொடைக்கணும், ஒதட்டுல கொஞ்சம் தேங்கா எண்ணெய், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. அம்மா அலாரம் வச்சுச் செஞ்சாங்க. தொடைக்கும்போது அப்பா அந்தத் துணியை லேசா உறிஞ்சுவாரு. "சிலுவையில தாகமாயிருக்கிறேன்னு சொன்னவருக்கும் பஞ்சு மாதிரி கடற்காளான்ல நனைச்சுத்தானலா குடுத்தாங்க"ன்னு அம்மா ஒரு தடவை சொன்னாங்க, அதுக்கப்புறம் டியூப் பேச்சை எடுக்கல.

அப்பா ஒரு வியாழக்கிழமை காலைல போனாரு. வலி மார்க் கேக்குற நிலையில இல்ல, ஆனா நெத்தியில சுருக்கம் இல்ல. தம்பி இன்னைக்கு வரைக்கும் "சேத்திருந்தா இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பாருல்லக்கா"ன்னு கேப்பான். இருந்திருக்கலாம். தெரியல. ஒரு நாள் அவன் சொல்றது சரின்னு தோணும், ஒரு நாள் தோணாது.

காசு விஷயம் கேப்பீங்க. விசிட், மருந்து எல்லாம் ஃப்ரீ. காத்து மெத்தைக்கு மட்டும் 2000 ரூவா டெபாசிட், திருப்பிக் குடுத்தா வாபஸ். டொனேஷன் கேட்டு வற்புறுத்தல, ஆனா அடக்கம் முடிஞ்ச மூணாம் நாளே நன்கொடை கேட்டு வாட்சப்ல ஃபார்வர்டு வந்துச்சு, மெஷின் அனுப்புற லிஸ்ட்ல இருக்கும்போல, அதை ஒரு மாசமாவது நிறுத்தி வைங்கப்பா. மீந்த மார்ஃபின் மாத்திரையை சிஸ்டர் வந்து எண்ணி, 23, ரிஜிஸ்டர்ல எழுதி, என் கையெழுத்து வாங்கி எடுத்துட்டுப் போனாங்க.

அஞ்சுக்கு நாலு. ஒண்ணு அந்த நாப்பது நிமிஷத்துக்குக் குறைச்சது.

எடுக்கப் போறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். எல்லா ரிப்போர்ட்டும் ஜெராக்ஸ் போட்டு வைங்க. மொத நாளே நர்ஸோட சொந்த நம்பரைக் கேட்டு வாங்கிக்கங்க, குடுப்பாங்க. கடைசி ஸ்டேஜ் வரைக்கும் காத்திருக்காம வலி ஆரம்பிக்கும்போதே கூப்பிடுங்க, நாங்க ரெண்டு மாசம் லேட்டு. மெத்தையோட பம்ப் ராத்திரி புர்ர்ர்னு சத்தம் போடும், அடியில பழைய துண்டை மடிச்சு வைங்க. உங்களுக்கு வர்ற மெத்தையில இடது ஓரம் கால்பக்கம் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டிருந்துச்சுன்னா பயப்படாதீங்க, அது தம்பி ஒட்டுன பஞ்சர், நல்லாத் தாங்கும்.